மேளம் அடிக்காத திருவிழா

மூளை, முதுகுத்தண்டு நோயாளிகளைப் பார்க்கும் வார்டில், பயிற்சி நர்சுகளான உங்களைப் போட்டிருக்கிறார்கள். பாதிப் பேர் முகத்தில் கலக்கம் தெரிகிறது. பிரசவ வார்டு கிடைத்திருந்தால் பிள்ளையைத் தூக்கிக் கொஞ்சலாம், அறுவை வார்டு என்றால் தையல் பிரித்து வீட்டுக்கு அனுப்பலாம். இங்கே நோயாளி எழுந்து நடப்பானா மாட்டானா என்றே சொல்ல முடியாது. என்னையும் முதன்முதலில் அந்த வார்டில் போட்டபோது இதே கலக்கம்தான்.

மருந்தைப் பற்றியும் கருவிகளைப் பற்றியும் நான் பேசப்போவதில்லை. அதில் நீங்கள் என்னைவிடக் கெட்டிக்காரர்கள். ஜப்பான்காரன் காலத்தில் நான் பார்த்த ஒரே ஒரு நோயாளியைப் பற்றிச் சொல்கிறேன். நோய் என்னவோ அவருக்கு வந்தது. அவரைப் பிழைக்கவைத்தவர்கள் வேறு பேர். அவர்களுக்கு நான் இன்னும் நன்றி சொல்லி முடிக்கவில்லை.

அப்போது எனக்கு இருபதைத் தாண்டிய வயது. பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் பயிற்சி பாதியில் இருக்கும்போதே சண்டை வந்துவிட்டது. அண்ணன் வேலை பார்த்த தோட்டத்துக்கு வந்து சேர்ந்தேன். மலாயாவின் கெடா மாநிலத்தில், பாடாங் செராய்க்கு உள்ளே, ரப்பர் காட்டுக்கு நடுவில் இருந்த தோட்டம். வெள்ளைக்கார டாக்டர் ஓடிவிட்டார். தோட்டத்து ஆஸ்பத்திரியில் மிச்சம் இருந்தவர்கள் மருந்து கொடுத்துக் கட்டுப்போடும் டிரஸர் ஐயா, மிஸ்ஸி என்று எல்லோரும் கூப்பிட்ட நர்ஸ் நான், கூட்டிப் பெருக்கி நோயாளிகளைத் துடைத்துவிடும் அஞ்சலை, இவ்வளவுதான். டிரஸர் ஐயா மலையாளி. நல்ல கைராசிக்காரர். ஆனால் மருந்து அலமாரியில் புட்டிகளைவிடக் காலி இடம்தான் அதிகம்.

தோட்டத்தில் ஆட்களை வேலைவாங்கும் பெரிய கங்காணி என்று ஒருவர் இருந்தார். சயாமில் ரயில் பாதை போட ஆள் வேண்டும் என்று ஜப்பான்காரன் கேட்டபோது, காலையில் ஆள் கணக்கு எடுக்கும் பெரட்டுக் களத்தில் நின்று, வலது கையை நீட்டி, இவன், இவன், இவன் என்று காட்டியவர் அவர்தான். அப்படிக் காட்டப்பட்டவர்களில் அஞ்சலையின் புருஷன் ஒருவன். தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்தின் கடைசி வீட்டில் இருந்த பாக்கியம் அக்காவின் இரண்டு மகன்களும் அதில் போனார்கள். மூன்று மாதத்தில் வந்துவிடுவார்கள் என்று சொல்லித்தான் லாரி ஏற்றினார்கள். மூன்று மாதம் எப்போதோ போய்விட்டது. ஆட்களும் வரவில்லை, சேதியும் வரவில்லை.

அந்தக் கங்காணி ஒருநாள் காலை பெரட்டில் பெயர் கூப்பிடப் போனார். வாய் திறக்கவில்லை.

மாட்டுக் கொட்டகையை இடித்து மரவள்ளி நடச் சொல்லியிருந்தார்கள். அங்கே ஆணி ஒன்று அவர் பாதத்தில் ஏறியிருக்கிறது. புகையிலையை வைத்துக் கட்டிவிட்டுச் சும்மா இருந்துவிட்டார். டிரஸர் ஐயா பாதத்தைப் பார்த்தார், தாடையைத் தொட்டுப் பார்த்தார், என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"ரண ஜன்னி. விஷத்த முறிக்கிற ஊசி மருந்து நம்மகிட்ட இல்ல. பட்டணத்துலயும் கிடைக்காது. புண்ணை நான் அறுத்துச் சுத்தம் பண்றேன். அதுக்கப்புறம் இருட்டும் அமைதியும்தான் மருந்து. அது உன் பொறுப்பு."

இன்றைக்கு நீங்கள் டெட்டனஸ் நோயாளியைப் பார்த்தே இருக்க மாட்டீர்கள். பார்க்காமலே போகட்டும். அந்த விஷம் தண்டுவடத்தைப் பிடித்துக்கொள்ளும். அதன் பிறகு ஒரு கதவு தட்டினால் போதும், ஒரு தகரம் விழுந்தால் போதும், உடம்பு முழுதும் வில்லாக வளையும். தலையும் குதிகாலும் மட்டும் படுக்கையில் இருக்கும். மூச்சு நின்றுபோகும். வலிப்பு விட்டால் மூச்சு திரும்பும், சில நேரம் திரும்பாது. அத்தனையிலும் நினைவு மட்டும் தெளிவாக இருக்கும். அதுதான் கொடுமை.

ஆஸ்பத்திரியின் பின்பக்கம் தாழ்வான கூரையோடு ஒரு சின்ன அறை இருந்தது. அதில் அவரைப் படுக்கவைத்து, ஜன்னலில் சாக்குத் தொங்கவிட்டோம். நானும் அஞ்சலையும் செருப்பைக் கழற்றிவிட்டோம். எல்லாம் நம் கையில் இருந்த வேலை. ஆனால் சத்தம் நம் கையில் இல்லை. அந்த அறைக்கு ஒரு பக்கம் பெரட்டுக் களம், மறுபக்கம் மாரியம்மன் கோயில்.

பெரட்டுக் களத்தில் தண்டவாளத் துண்டு ஒன்று தொங்கும். அதை அடித்துத்தான் ஆட்களைக் கூப்பிடுவார்கள். டிரஸர் ஐயா போய், பங்களாவில் இருந்த ஜப்பானிய மேற்பார்வையாளனிடம் சொன்னார். கங்காணி அவனுக்கு வேண்டிய ஆள். உடனே மணி நின்றது. நின்றதும் லயத்தில் கொதிப்பு கிளம்பியது.

"எம் புள்ளைக்கு நெருப்பாக் காய்ச்சல் அடிச்சப்பகூட அந்த மணி நிக்கல. இவனுக்கு நிக்குதா?" என்று பாக்கியம் அக்கா தண்ணீர்க் குழாயடியில் நின்று கேட்டது என் காதிலேயே விழுந்தது. நான் குடத்தை நிரப்பிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குத் திரும்பினேன்.

அஞ்சலையை அந்த அறைக்குள் விடுவதா வேண்டாமா என்பதுதான் எனக்கு முதல் குழப்பம். அவளை விட்டால் வேறு ஆள் இல்லை. முதல் நாள் உள்ளே வந்தவள் அவர் முகத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். இந்த நோயில் முகத்துத் தசை இழுத்து, பல் தெரிய, இளிப்பது மாதிரி இருக்கும்.

"சிரிக்கிறான் பாருங்க மிஸ்ஸி."

"சிரிக்கல அஞ்சலை. தசை இழுத்துப் பிடிச்சிருக்கு. உசிர் போற வலி. நாம பேசுறது எல்லாம் அவருக்குக் கேக்குது, மெதுவாப் பேசு."

"கேக்குதா?"

"கேக்குது."

அவள் படுக்கை அருகே போனாள். அவள் கையில் இருந்த தட்டைக் கீழே போட்டாலே போதும், யாரும் அவளைக் குற்றம் சொல்ல முடியாது. அவள் குனிந்து, பிள்ளையைத் தூங்கவைக்கிற குரலில் கேட்டாள்.

"கங்காணி, எம் புருஷன் எங்க இருக்கான்?"

அவர் கண் மட்டும் அவள் பக்கம் திரும்பியது. பற்கள் பூட்டியபடியே இருந்தன. கடைவாயில் நீர் வழிந்தது. அஞ்சலை முந்தானையால் அந்த நீரைத் துடைத்தாள்.

"வாயத் தொறக்கட்டும் மிஸ்ஸி. அதுவரைக்கும் நான் பாத்துக்கிறேன்" என்றாள்.

அன்பு இருந்தால்தான் நல்ல சேவை செய்ய முடியும் என்று உங்களுக்குச் சொல்லித்தருவார்கள். சரிதான். ஆனால் அஞ்சலையிடம் அன்பு இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. அவளுக்கு ஒரு பதில் வேண்டியிருந்தது. அதற்காக அவரைத் திருப்பிப் படுக்கவைத்தாள், பல் விழுந்த இடைவெளி வழியாக மரவள்ளிக் கஞ்சித் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக இறக்கினாள். அவளைப் போலப் பொறுமையான கையை நான் அதற்குப் பிறகும் அதிகம் பார்த்ததில்லை.

நாலைந்து நாளில் அவர் கொஞ்சம் நிலைப்பட்டு வந்தார். வலிப்பு குறையவில்லை, ஆனால் கூடவும் இல்லை. அப்போதுதான் அம்மன் திருவிழா வந்தது.

அந்த ஆண்டு திருவிழா என்பது சும்மா இல்லை. அரிசி இல்லை, துணி இல்லை, வீட்டில் ஆம்பிளை இல்லை. இருந்த ஒன்று அம்மன். கீற்றுப் பந்தல் போட்டாகிவிட்டது. தப்பும் உடுக்கையும் எடுத்துக் காயவைத்திருந்தார்கள். கோயிலுக்கும் அந்த அறைக்கும் நடுவில் ஒரு வேலிதான்.

டிரஸர் ஐயா சொன்னார்: "பங்களாவுல ஒரு வார்த்தை சொன்னா மேளத்த நிறுத்திடுவான். சொல்லட்டுமா?"

சொல்லியிருந்தால் நின்றிருக்கும், சந்தேகமே இல்லை. துப்பாக்கிக்கு முன்னால் யார் தப்பு அடிப்பார்கள்? எனக்கு முன்னால் இருந்த நோயாளிக்கு வேண்டியது அமைதி. அது எந்த வழியில் வந்தால் என்ன என்று ஒரு நிமிடம் தோன்றத்தான் செய்தது. அவருக்கு அடுத்த வலிப்பு எப்போது வரும் என்று தெரியாமல் வாசற்படியில் உட்கார்ந்து யோசித்தேன். பயத்தால் வாயை மூடுகிறவர்கள் எத்தனை நாள் மூடியிருப்பார்கள்? திருவிழா முடிந்த மறுநாள் யாராவது ஒரு மண்ணெண்ணெய் டின்னைத் தூக்கிச் சுவரில் எறிந்தால் என்ன செய்வேன்? அதைவிடப் பெரிய கேள்வி ஒன்றும் இருந்தது. அம்மன் மேளத்தை ஜப்பான்காரனை வைத்து நிறுத்திவிட்டு, நாளைக்கு இதே பெண்களின் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் நான் எந்த முகத்தோடு அவர்கள் வீட்டுக்குள் போவது?

"வேணாம் ஐயா. நான் போய்க் கேக்குறேன்" என்றேன்.

பந்தலடியில் பெண்கள் மாவிலை கட்டிக்கொண்டிருந்தார்கள். நான் சுற்றிவளைக்கவில்லை.

"கங்காணிக்கு மேளச் சத்தம் கேட்டா உயிர் போயிடும். இந்தத் தடவை மேளம் இல்லாம சாமி ஊர்வலம் நடத்த முடியுமான்னு கேக்க வந்தேன்."

பாக்கியம் அக்காதான் எழுந்தாள்.

"ஏம் மிஸ்ஸி, எங்க வீட்டு ஆம்பிளைங்கள அவன் கை காட்டினப்ப, நீ எங்க இருந்தே?"

"ஆஸ்பத்திரி வாசல்ல நின்னு பாத்துக்கிட்டுதான் இருந்தேன் அக்கா."

"அவனுக்காக ஆத்தாளுக்கு மேளம் அடிக்கக் கூடாதா? போ லா மிஸ்ஸி. போய் வேற வேலையப் பாரு."

"மேளம் அடிச்சா அவர் கட்டாயம் செத்துடுவார். அடிக்காட்டி பிழைப்பாரான்னு எனக்குத் தெரியாது. பொய் சொல்ல விரும்பல. நான் பங்களாவுக்குப் போகாம உங்ககிட்ட வந்திருக்கேன்."

திரும்பிவிடலாம் என்று நினைத்தபோது பின்னால் அஞ்சலையின் குரல் கேட்டது. எப்போது வந்தாள் என்று தெரியவில்லை.

"அக்கா, அவன் இப்ப செத்தா அதோட போச்சு. எங்க அனுப்புனான், யாருகிட்ட விட்டான், ஒண்ணும் கேக்க முடியாது. எனக்கு அவன் வாய் வேணும். உங்களுக்கு வேணாமா?"

பாக்கியம் அக்கா கையில் இருந்த மாவிலையைக் கிழித்துப் போட்டாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"வாய் தொறந்ததும் இங்க கூட்டியாரணும். இந்தச் சன்னிதி முன்னால நிக்கணும். நாங்க கேக்குறதுக்கெல்லாம் பதில் சொல்லணும். செய்வியா?"

ஒரு நோயாளிக்காக அப்படி வாக்குக் கொடுக்க எனக்கு உரிமை கிடையாது. ஆனாலும் கொடுத்தேன்.

ஊர்வலம் பிற்பகலில் வந்தது. நான் அறைக்குள் அவர் பக்கத்தில் இருந்தேன். கோயில் மணியின் நாக்கில் துணி சுற்றியிருந்தார்கள். கரகம் எடுத்தவள் சலங்கையைக் கழற்றியிருந்தாள். குலவை இல்லை, தப்பு இல்லை. வேலிக்கு அந்தப் பக்கம் செம்மண்ணில் காலடிகள் மட்டும் கேட்டன. அத்தனை பேர் சேர்ந்து நடக்கும்போது காலடி அவ்வளவு மெதுவாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது. சாம்பிராணி வாசம் சாக்கின் வழியாக உள்ளே வந்தது. கங்காணியின் கண்ணிலிருந்து நீர் இறங்கியது. அவருக்குத் தெரியும். அது எந்த நாள் என்று அவருக்கு நன்றாகத் தெரியும்.

சாமி கோயிலுக்குத் திரும்பிய சமயம் அறை திடீரென்று இன்னும் இருட்டியது. சாக்கை விலக்கிப் பார்த்தேன். மலைப்பக்கம் மேகம் திரண்டு நின்றது. மனிதர்களிடம் கெஞ்சலாம், வானத்திடம் என்ன செய்வது? அந்த அறையின் கூரை வெறும் தகரம். கெடா மழை தகரத்தில் விழுந்தால் பக்கத்தில் இருப்பவர் பேசுவதுகூடக் கேட்காது. தப்பு அடித்தால் எவ்வளவு சத்தமோ அவ்வளவும் அதில் வரும்.

தூக்க மருந்து ஒரே ஒரு வேளைக்குத்தான் மிச்சம் இருந்தது. அதை எடுத்து வைத்துக்கொண்டு நின்றேன். அப்போது தலைக்கு மேல் சரசரவென்று ஒரு சத்தம்.

வெளியே ஓடினேன். பாக்கியம் அக்கா ஏணியின் மேல்படியில் நின்றிருந்தாள். கீழே பெண்கள் வரிசையாக நின்று, கோயில் பந்தலிலிருந்து பிரித்த கீற்றுகளைக் கைமாற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். வயதான ஆண்கள் இரண்டு பேர் நீளக் கழியால் அவற்றைத் தகரத்தின் மேல் தள்ளிப் பரப்பினார்கள். யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. பாக்கியம் அக்கா என்னைப் பார்த்து, உள்ளே போ என்று கையால் காட்டினாள்.

மழை கொட்டியது. கீற்றின் மேல் விழுந்த மழை, தூரத்தில் எங்கோ பெய்வது போலக் கேட்டது. இடிக்கு மட்டும் யாரும் ஒன்றும் செய்ய முடியவில்லை. ஒரு பெரிய இடியில் அவர் உடம்பு வளைந்தது, முகம் நீலமாகிக்கொண்டே போனது. அஞ்சலை அவர் தலையைப் பக்கவாட்டில் பிடித்துக்கொள்ள, வைத்திருந்த மருந்தை ஊசியாகப் போட்டேன். மூச்சு வரவில்லை. வரவில்லை. பிறகு வந்தது. அந்த மழை மட்டும் தகரத்தில் விழுந்திருந்தால், ஒரு வேளை மருந்து எந்த மூலைக்குப் போதும்?

மழை விட்ட பிறகு பாக்கியம் அக்காவிடம் போய் நன்றி சொல்ல வாயெடுத்தேன். நனைந்த தலையைப் பிழிந்துகொண்டிருந்தாள்.

"மழ வந்துச்சு. கீத்து இருந்துச்சு. அவ்வளவுதான். நீ குடுத்த வாக்க மறந்துடாத" என்றாள்.

வாரங்கள் ஆயின. வலிப்பு விட்டுவிட்டு வந்தது, பிறகு நின்றது. ஒருநாள் அஞ்சலை ஊட்டிய கஞ்சியை அவர் கரண்டியோடு வாய்க்குள் வாங்கினார். நடக்க முடிந்த அன்றே, நானும் அஞ்சலையும் இரண்டு பக்கமும் பிடித்துக் கோயிலுக்குக் கூட்டிப்போனோம். வர மாட்டேன் என்று அவர் சொல்லவில்லை.

"எங்க அனுப்புனே?" என்றாள் பாக்கியம் அக்கா.

"பிறை ஸ்டேஷன் வரைக்கும்தான் எனக்குத் தெரியும். அதுக்கு அப்பால எங்கன்னு தெரியாது."

"மூணு மாசம்னு சொன்னியே?"

"அவன் சொன்னான். நானும் அதையே சொன்னேன்."

"யார யார அனுப்பணும்னு அவன் சொன்னானா?"

தாடை இன்னும் இறுகியிருந்ததால் வார்த்தை சிரமப்பட்டுத்தான் வந்தது.

"இல்ல. அது நான்தான் காட்டினேன்."

பிறகு அவர் யாரும் கேட்காமலே ஒவ்வொருவர் பெயராகச் சொன்னார். ஒரு பெயர்கூட விடவில்லை. பெயர் வரும்போதெல்லாம் கூட்டத்தில் ஒருத்தி குனிந்துகொண்டாள். அஞ்சலையின் புருஷன் பெயர் வந்தபோது, அவர் தோளைப் பிடித்திருந்த அவள் கை விலகவில்லை. மன்னித்தோம் என்று யாரும் சொல்லவில்லை. பேசி முடித்ததும் பாக்கியம் அக்கா திரும்பி வீட்டுக்குப் போனாள்.

சில மாதம் கழித்து மேற்பார்வையாளன் மறுபடி ஆள் கேட்டான். ஆஸ்பத்திரி வாசலிலிருந்து நான் பார்த்துக்கொண்டிருந்தேன். கங்காணியைக் கைகாட்டச் சொன்னான். கங்காணி வலது கையைத் தொங்கவிட்டபடி நின்றார்.

"தாங்ஙான் சாக்கிட், துவான்" என்றார். கை சரியில்லை, ஐயா என்று மலாயில்.

மேற்பார்வையாளன் அவர் கன்னத்தில் ஓங்கி அறைந்தான். பிறகு என் பக்கம் திரும்பினான். "பெத்துல்?" உண்மையா என்று கேட்டான்.

அன்று காலையில்தான் கங்காணி அதே கையால் தண்ணீர் வாளி தூக்கியதைப் பார்த்திருந்தேன். நோயாளியின் நிலையைப் பற்றிப் பொய் சொல்லக் கூடாது என்று நானே உங்களுக்குச் சொல்வேன். அன்று ஒரு மூச்சு விடும் நேரம்தான் எனக்கு இருந்தது.

"பெத்துல், துவான்" என்றேன். நரம்பு போய்விட்டது, இனி வராது என்று எனக்குத் தெரிந்த மலாயில் சொன்னேன்.

லாரி வெறுமையாகப் போகவில்லை. மேற்பார்வையாளனே நாலு பேரைப் பிடித்து ஏற்றினான். அதை என்னால் தடுக்க முடியவில்லை. கங்காணியின் பதவி போயிற்று, மண்வெட்டி கொடுத்து மரவள்ளித் தோட்டத்துக்கு அனுப்பினார்கள்.

சண்டை முடிந்தது. பாக்கியம் அக்காவின் சின்ன மகன் எலும்பும் தோலுமாகத் திரும்பி வந்தான். பெரியவன் வரவில்லை. அஞ்சலையின் புருஷன் முகாமிலேயே வாந்திபேதியில் போய்விட்டதாக வந்தவர்கள் சொன்னார்கள். அவள் என்னோடு பட்டணத்து ஆஸ்பத்திரிக்கு வந்து வேலைக்குச் சேர்ந்தாள். முதுகுத்தண்டு உடைந்தவர்களைப் புண் வராமல் புரட்டிப் படுக்கவைப்பதில் அவளை நம்பித்தான் எங்கள் வார்டு நடந்தது. எனக்கு நல்ல பெயர் கிடைத்த இடங்களில் பாதி அவளுடையது.

நாளைக்கு உங்கள் நோயாளிக்கு அமைதி வேண்டியிருக்கும், ஒருவரின் பொறுமை வேண்டியிருக்கும், மாதக்கணக்கில் பக்கத்தில் உட்கார ஒரு ஆள் வேண்டியிருக்கும். எதுவும் மருந்து அலமாரியில் இருக்காது. மற்றவர்களிடம்தான் இருக்கும். சட்டம் பேசாதீர்கள். போய்க் கேளுங்கள். கொடுத்தவர்களை மறக்காதீர்கள்.

கங்காணியைக் கடைசியாகப் பாடாங் செராய் கடைத்தெருவில் பார்த்தேன். ஜப்பான்காரன் போய்ப் பல வருடம் ஆகியிருந்தது. வலது கையைத் தொங்கவிட்டபடி, இடது கையால் மீன் பொட்டலத்தை வாங்கிக்கொண்டிருந்தார்.

"இன்னும் எதுக்குக் கங்காணி? இனிமே கையத் தூக்கலாமே" என்றேன்.

"தெரியும் மிஸ்ஸி" என்றார். அந்தக் கையைக் குனிந்து பார்த்தார். "இது இப்படியே கெடக்கட்டும்."